மில் கேட் சலூனை மூடியது நான்தான்

போன வருடம் ஆடி மாதம், சேலத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இது ஆரம்பித்தது. மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றி நிறைய மஞ்சளும் குங்குமமுமாக ஸ்கூட்டியில் திரும்பிக்கொண்டிருந்தேன். நேராக வீட்டுக்குப் போயிருந்தால் இதை எழுதவேண்டிய அவசியமே வந்திருக்காது. பழைய பஞ்சு மில் இருந்த பக்கம் வண்டியைத் திருப்பினேன்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் வேலை செய்கிறேன். அப்பா அந்த மில்லில்தான் இருந்தார். மில்லுக்குச் சொந்தமான லைன் வீட்டில் பிறந்து, சங்கு ஊதுவதைக் கேட்டுப் பள்ளிக்கூடம் போனவள் நான். மில் மூடி வெகு காலம் ஆகிவிட்டது. இடத்தை மனை போட்டு விற்று, இப்போது அங்கே ஒரு கல்யாண மண்டபமும் நாலு மாடிக் குடியிருப்பும் நிற்கின்றன. கேட் இருந்த இடத்துக்கு எதிரே ஐந்து கடைகள் கொண்ட ஓட்டுக் கட்டடம் ஒன்று மட்டும் பாக்கி இருந்தது.

அந்தச் சமயத்தில் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. பழைய சேலத்தைப் பற்றி எழுதுகிற முகநூல் குழு ஒன்றில் நான் சேர்ந்திருந்தேன். இடித்துப்போன தியேட்டர், காணாமல் போன சோடா கம்பெனி, மில் தொழிலாளிகள் வரிசையில் நின்று சாப்பிட்ட ஓட்டல் என்று வாரத்துக்கு ஒன்று எழுதுவேன். "அக்கா, அழ வெச்சிட்டீங்க" என்று கமெண்ட் வரும். ஆபீஸில் சரக்கு ரசீது போட்டுக்கொண்டே அடிக்கடி போனை எடுத்துப் பார்ப்பேன். ஒரு தடவை, இன்றைக்கும் நடக்கிற ஒரு கயிற்றுக் கடையைப் பற்றி எழுதினேன். யாரும் சீந்தவில்லை. அதிலிருந்தே எனக்குச் சூட்சுமம் புரிந்துவிட்டது. கடை செத்திருக்க வேண்டும். செத்த கடைக்குத்தான் கூட்டம் சேரும்.

அன்றைக்கு அந்த ஓட்டுக் கட்டடத்தின் முன்னால் வண்டியை நிறுத்தினேன். ஐந்து கடைகளில் நாலு காலி. இரண்டுக்குக் கதவே இல்லை, உள்ளே செங்கல்லும் குப்பையும் கிடந்தன. ஐந்தாவது, மில் கேட் சலூன். அதற்கு வேறு பெயர் இருந்ததாக எனக்கு நினைவில்லை, எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஷட்டர் இறங்கியிருந்தது. பூட்டு தொங்கியது. பெயர்ப் பலகையில் பெயின்ட் உதிர்ந்து பாதி எழுத்துதான் மிச்சம். வாசலில் ஒரு நாய் கால் நீட்டிப் படுத்திருந்தது.

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். துக்கமெல்லாம் இல்லை, சந்தோஷம்தான். நாயோடு சேர்த்து, பலகையோடு சேர்த்து, பூட்டைக் கிட்டத்தில் வைத்து என்று ஆறு போட்டோ எடுத்தேன். எதிர்ப்புறம் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள், "அம்மிணி, பூ வேணுங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். அவரிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து, கோயில் புடவையைக்கூட மாற்றாமல் எழுதினேன். மில் கேட் சலூனும் கண்ணை மூடிவிட்டது என்று ஆரம்பித்தேன். ஷிப்ட் முடிந்து பஞ்சுத் தூசியோடு வருகிறவர்களுக்கு அந்தச் சலூன் அண்ணா முதலில் முகத்தைத் துடைத்துவிட்டுத்தான் கத்தரியை எடுப்பார் என்று எழுதினேன். அது அப்பா சொன்னது, உண்மை. கடைக்குள் மணக்கும் சவரக் கிரீம் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது என்றும் எழுதினேன். அது புளுகு. நான் அந்தக் கடைக்குள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. அப்பாவைக் கூப்பிடப் போனால் வெளியே நின்று குரல் கொடுப்பதோடு சரி. கடைசி வரியாக, "அந்த அண்ணாவின் ஆன்மா சாந்தியடையட்டும்" என்று போட்டேன். அவர் இருக்கிறாரா, போய்விட்டாரா என்று எனக்குத் தெரியாது. எழுதிய வேகத்துக்கு அந்த வரி பொருத்தமாக இருந்தது, போட்டுவிட்டேன்.

நான் எழுதியதிலேயே அதிகமாக ஓடியது அந்தப் போஸ்ட்தான். எனக்கு முதல் மொட்டை அங்கேதான் என்று ஒருவர். என் தலை முப்பது வருடம் அவர் கையில்தான் இருந்தது, இன்று நான் அனாதை என்று இன்னொருவர். கொரோனா சமயத்தில் இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன், உண்மையா என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு நான் என்ன பதில் போட்டேன்? இரண்டு கை கும்பிடுகிற பொம்மை. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. படிக்கிறவர்கள் ஆமாம் என்று எடுத்துக்கொள்வார்கள் என்பது தெரிந்தேதான் போட்டேன்.

புரட்டாசியில் ஒரு நாள் மத்தியானம். ஆபீஸில் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். வாசலில் ஒரு பெரியவர் வந்து நின்றார். எழுபதை நெருங்கும் வயது, படிய வாரிய வெள்ளை முடி, தேய்த்த சட்டை, கையில் ஒரு பிளாஸ்டிக் பைல். சரக்கு அனுப்ப வந்தவர் என்று நினைத்து, எந்த ஊருக்குங்க என்று கேட்டேன்.

"எங்கேயும் இல்லீங்க அம்மிணி. நீங்க ஏற்கெனவே என்னை மேல அனுப்பி வெச்சிட்டீங்களே. நாந்தானுங்க அந்தச் செத்துப்போனவன்" என்றார்.

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அவர் பைலைத் திறந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். என் போஸ்ட். நாய், ஷட்டர், பூட்டு, என் பெயர், கீழே பக்கம் பக்கமாகக் கமெண்டுகள். எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து, ஓரத்தில் ஒரு வக்கீலின் முத்திரை குத்தியிருந்தது.

அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். அந்தக் கட்டடத்தின் பழைய சொந்தக்காரர் இறந்துபோக, அவருடைய மகன் கைக்கு வந்திருக்கிறது. இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டவேண்டும் என்பது மகனின் திட்டம். மற்ற நாலு கடைக்காரர்களும் போய்விட்டார்கள். இவர் மட்டும் போகவில்லை. காலி செய்யச் சொல்லி மூன்று வருடமாகக் கோர்ட்டில் வழக்கு. அந்த ஆள் சொல்கிற காரணம், சலூன் நடப்பதே இல்லை, வெகு காலமாகப் பூட்டிக் கிடக்கிறது என்பது. பச்சைப் பொய். ஆனால் அதற்கு அந்த மகனிடம் சாட்சி இல்லாமல் இருந்தது. நான் செய்து கொடுத்துவிட்டேன். மில் லைனிலேயே பிறந்த ஒரு பெண் போட்டோவோடு எழுதியிருக்கிறார், ஊரே இரங்கல் சொல்லியிருக்கிறது, இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும் என்று அதைக் கோர்ட்டில் தாக்கல் செய்துவிட்டார்களாம்.

"ஆனா அன்னிக்குக் கடை பூட்டித்தானுங்களே இருந்துச்சு" என்றேன். அந்த வார்த்தையை இன்றைக்கு நினைத்தாலும் என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அவர் தாளில் இருந்த தேதியைக் காட்டினார். பிறகு எங்கள் ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்த மாதக் காலண்டரைக் காட்டினார். நான் எழுந்துபோய் இரண்டு தாளைப் பின்னால் தள்ளிப் பார்த்தேன்.

"என்ன கிழமைங்க அம்மிணி?"

செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை சலூனுக்கு விடுமுறை என்பது எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்குக்கூடத் தெரியும். செவ்வாய் என்பதற்காகவே தலைக்குக் குளித்து, கோயிலுக்குப் போய், நெற்றியில் குங்குமத்தோடு அந்த வாசலில் நின்றிருக்கிறேன். ஆனாலும் எனக்கு உறைக்கவில்லை. சரி, நான் பெண்பிள்ளை, சலூன் வாசல் மிதிக்காதவள் என்று சாக்குச் சொல்லலாம். கமெண்ட் போட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். தலையில் முடி இருக்கிற ஒருவருக்காவது தேதியைப் பார்க்கத் தோன்றவில்லையே!

அவர் அதோடு நிறுத்தியிருந்தால் நான் மன்னிப்புக் கேட்டுச் சமாளித்திருப்பேன். அடுத்து அவர் சொன்னதுதான் என்னை உட்காரவைத்தது.

கணவன் இறந்தால் மனைவியின் பிறந்த வீட்டார் கோடிச் சேலை கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் பக்கத்து முறை. என் போஸ்ட் வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி, மூன்றாம் நாள் வெண்ணந்தூரில் இருக்கும் அவருடைய மைத்துனர் கண்ணில் பட்டிருக்கிறது. மைத்துனர் போன் செய்திருக்கிறார். சலூன்காரர் வேலை நேரத்தில் போனை டிராயரில் போட்டுவிடுவாராம், எடுக்கவில்லை. வீட்டில் இருந்த அம்மாளுக்கு போன் கிடையாது. மனுஷன் என்ன செய்வார்? கோடிச் சேலையை வாங்கிக்கொண்டு அழுதபடியே பஸ் ஏறிவிட்டார்.

"என்ற ஊட்டுக்காரி வாசல்ல அரிசி பொடைச்சிட்டு இருந்தாளுங்க. அவுங்கண்ணன் கோடியைக் கையில ஏந்திக்கிட்டு அழுதுட்டு வாராருங்க. அவ என்னன்னு நெனைப்பா சொல்லுங்க? காலையில கடைக்குப் போன மனுஷன் கடையிலயே போயிட்டேன்னு நெனச்சு முறத்தைப் போட்டுட்டு விழுந்தவதானுங்க. பக்கத்து ஊட்டுப் பையன் ஓடியாந்து சொல்லி, நான் பாதிச் சவரத்துல ஆளை உக்கார வெச்சிட்டு ஓடுனேனுங்க."

அவர் குரல் உயரவே இல்லை. தாளை மடித்துப் பைலில் வைத்தார். அந்தப் பக்கம் சரக்கு ஏற்ற வரும் ஒரு டிரைவர், இது எங்க புக்கிங் ஆபீஸ் அம்மாதான் என்று என் படத்தைப் பார்த்துச் சொல்லித்தான் வந்தாராம். எனக்கு உங்க மன்னிப்பு வேண்டாம், கோர்ட்டுக்கு வந்து, எழுதினது தப்புன்னு சொல்லோணும், அது போதும் என்றார். வாரேனுங்க என்று சொன்னேன். நம்பாதவர்போலப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்று மாலையே வீட்டில் சண்டை. என் கணவர் தங்கமான மனிதர், ஆனால் கோர்ட் என்ற சொல்லே அவருக்கு ஆகாது. போஸ்ட்டை அழித்துவிட்டுப் பேசாமல் இரு என்றார். நானும் அழிக்கத்தான் கையை வைத்தேன். ஆனால் அது ஏற்கெனவே பத்து இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. யாரோ சோகப் பாட்டு சேர்த்து வீடியோவாகவே ஆக்கியிருந்தார்கள். என்னுடையதை மட்டும் அழித்தால் தப்பித்து ஓடியதாகத்தான் ஆகும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் ஆபீஸுக்குப் போகும் வழியில் சலூனுக்குப் போனேன். ஷட்டர் மேலே ஏறியிருந்தது. மூன்று நாற்காலி, மூன்றிலும் ஆள். பெஞ்சில் நாலு பேர் பேப்பரைப் பங்கு போட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் அப்பாவோடு வேலை பார்த்தவர்கள், என்னை அடையாளம் கண்டுகொண்டார்கள். "ஏஞ் சாமி, நாங்கெல்லாம் உசுரோடதான இருக்கறோம், இல்ல எங்களையும் எழுதிட்டியா?" என்று அதில் ஒருவர் கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மில் மூடிய பிறகு ஓமலூர்ப் பக்கம் குடிபோன ஒருவர், மாதம் ஒரு தடவை பஸ் ஏறி வந்து இங்கே முடி வெட்டிக்கொள்கிறாராம். இவர்கள் யாரும் அந்தக் குழுவில் இல்லை. இவர்களுக்குக் கடை இருக்கிறது, எதற்காக அதைப்பற்றி எழுதவேண்டும்?

அன்றே ஆட்கள் நிறைந்த கடையைப் போட்டோ எடுத்து, நான் எழுதியது தவறு, அண்ணா நலமாக இருக்கிறார், கடை நடக்கிறது, வழக்குக்குச் சாட்சி தேவை, முப்பது வருடம் முடி வெட்டிக்கொண்டவர்கள் முன்வாருங்கள் என்று குழுவில் எழுதினேன். பார்த்தவர்கள் பார்த்தார்கள். ஒருவர், அந்தப் பழைய போஸ்ட்டில் இருந்த பீல் இதில் இல்லையே அக்கா என்று போட்டிருந்தார். வெளிநாட்டில் இருக்கும் ஒருவர், இடிப்பதற்கு முன்னால் இந்தக் கடையை நல்ல கேமராவில் ஆவணப்படுத்த வேண்டும் என்று எழுதியிருந்தார். இடிப்பதற்கு முன்னால்! இடிக்காமல் தடுப்பதற்கு வழி கேட்டால், இடிப்பதை முடிவு செய்துவிட்டுக் கேமராவைத் தேடுகிறார். சாயங்காலத்துக்குள் என் போஸ்ட் காணாமல் போய்விட்டது. குழுவை நடத்துகிறவர் தனியாகச் செய்தி அனுப்பியிருந்தார். நம் குழு இனிய நினைவுகளுக்கானது, வழக்கு விவகாரம் வேண்டாமே அக்கா என்றிருந்தார். செத்துப்போனார் என்று பொய் எழுதியபோது அழிக்காதவர், உயிரோடு இருக்கிறார் என்று உண்மை எழுதியதும் அழித்துவிட்டார். கோபத்தில் போனைத் தூக்கிச் சோபாவில் எறிந்தேன். சுவரில் எறிந்திருக்க வேண்டும், புதுப் போனாயிற்றே என்று புத்தி தடுத்துவிட்டது.

விடவில்லை. முப்பது வருடம் தலையைக் கொடுத்ததாக எழுதிய அந்த அனாதையைத் தேடிப் பிடித்தேன். தூரமெல்லாம் இல்லை. சலூனிலிருந்து நடந்தால் பத்து நிமிடத்தில் அவர் வீடு. ஜவுளி வியாபாரம் செய்கிறவர். என்னைப் பார்த்ததும் வாங்க அக்கா, வாங்க அக்கா என்று விழுந்து விழுந்து உபசரித்தார். என் எழுத்துக்கு அவர் ரசிகராம். தலைமுடி மை போட்டதுபோலக் கறுத்திருந்தது. கடைசியாக எப்போது மில் கேட் சலூனுக்குப் போனீர்கள் என்று கேட்டேன்.

"ஸ்கூல் படிக்கறப்ப எங்கப்பா கூட்டிட்டுப் போவாருங்க" என்றார்.

"முப்பது வருஷம்னு எழுதினீங்களே?"

"அது ஒரு பீலிங்ல போடறதுதானுங்களே அக்கா. அதையெல்லாம் கோர்ட்ல வந்து சொல்லுன்னா எப்படிங்க?"

அவர் மனைவி காபி கொண்டுவந்தார். குடிக்காமல் எழுந்து வந்திருந்தால் கெத்தாக இருந்திருக்கும். குடித்துவிட்டேன், நல்ல காபி வேறு. படியிறங்கும்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. அந்த ஆளை நான் எந்த முகத்தோடு திட்டுவது? அவராவது சின்ன வயதில் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறார். நான் கிரீம் வாசனையையே கண்டுபிடித்து எழுதியவள்.

இன்னும் ஏழெட்டுப் பேருக்குச் செய்தி அனுப்பினேன். வேலை இருக்கிறது என்றார்கள், வெளியூர் என்றார்கள், கட்டடத்தின் சொந்தக்காரர் தெரிந்தவர் என்றார்கள். இரண்டு பேர் பதிலே போடாமல் என்னை பிளாக் செய்துவிட்டார்கள். ஒருவர்கூட வரவில்லை.

தை மாதம் வாய்தா வந்தது. சாட்சிக்கு வந்தவர்கள் நான், பெஞ்சில் பேப்பர் படித்த மில்காரர்கள் இரண்டு பேர், எதிர்ப்புறம் பூக்கட்டும் அம்மாள், அவ்வளவுதான். பூக்கார அம்மாள் அன்றைய வியாபாரத்தை விட்டுவிட்டு வந்திருந்தார். நான் போட்டோ எடுத்ததை அவர் அன்றைக்கே கவனித்திருக்கிறார். நன்றாக ஓடும் கடையைப் போட்டோ எடுக்கிறதே இந்த அம்மிணி, கடன் கிடன் ஏதாவது விசாரிக்கிற பேங்க் ஆளோ என்று நினைத்தாராம். "என்னைய ஒரு வார்த்தை கேட்டிருந்தா நாளைக்கு வாங்கன்னு சொல்லியிருப்பேனுங்களே" என்று கோர்ட் வராந்தாவில் வைத்துச் சொன்னார். திட்டுகிற குரலில்கூடச் சொல்லவில்லை.

சாட்சிக் கூண்டில் ஏறினேன். கட்டடக்காரரின் வக்கீல் என் போஸ்ட்டை வரி வரியாக வாசித்தார். நான் ஆசை ஆசையாகச் செதுக்கிய வரிகள். அந்த அறையில், அந்தக் குரலில் கேட்டபோது ஒவ்வொன்றும் எனக்கே குமட்டியது.

"இதெல்லாம் பொய் என்கிறீர்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. கடை மூடியாச்சுன்னதும் பொய், அவர் இறந்துட்டாருன்னதும் பொய்."

"அன்றைக்குப் பொய் சொன்னவர் இன்றைக்கு மட்டும் உண்மை சொல்கிறீர்கள் என்று நாங்கள் எப்படி நம்புவது?"

நியாயமான கேள்வி. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, ஆத்திரத்தில். அன்றைக்குப் பொய் சொன்னதற்கு எனக்குக் கைதட்டல் கிடைத்ததுங்க, இன்றைக்கு உண்மை சொல்வதற்கு வீட்டில் திட்டுதான் கிடைக்கிறது, அதை வைத்து நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள் என்றேன். தேவையில்லாததைப் பேசாதீர்கள் என்று நீதிபதி அம்மா கண்டித்தார். ஆனால் தாளைக் கேட்டு வாங்கி, தேதியைப் பார்த்து, என்ன கிழமை என்று குமாஸ்தாவிடம் அவரே கேட்டார். பதிலைக் கேட்டதும் கட்டடக்காரரின் வக்கீலை ஒரு பார்வை பார்த்தார். மில்காரர்களும் பூக்கார அம்மாளும் தங்களுக்குத் தெரிந்ததைத் தெளிவாகச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் ஒரு சொல்கூட அலங்காரம் இல்லை.

பங்குனியில் தீர்ப்பு வந்தது. கடை நடக்கவில்லை என்பது நிரூபிக்கப்படவில்லை, காலி செய்யவேண்டியதில்லை. கட்டடக்காரர் அப்பீல் போகப்போவதாகப் பேச்சு. போகட்டும், இப்போதைக்குக் கடை திறந்திருக்கிறது. அண்ணா என்னிடம், "வந்ததுக்குச் சந்தோசமுங்க" என்று மட்டும் சொன்னார். அதைத் தாண்டி ஒரு வார்த்தை கிடையாது. நான் அதற்கு மேல் எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்த வாரமே பழம் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாளைப் பார்க்கவேண்டும், நேரில் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று மாதக்கணக்காக நெஞ்சில் கிடந்தது. கதவைத் திறந்தவர் என்னை உள்ளே கூப்பிடவில்லை. உயரமான, ஒடிசலான அம்மாள். நான் யார் என்று சொன்னேன். தெரியுமுங்க என்றார். மன்னிப்புக் கேட்டேன். அழுதும் விட்டேன்.

"அழுவாதீங்க. நீங்க அழுதா உங்களுக்குப் பாரம் எறங்கும். எனக்கு எறங்கணுமில்லீங்க" என்றார். பிறகு அவரே சொன்னார். அவருடைய அண்ணன் அந்தக் கோடிச் சேலையைத் திரும்ப வீட்டுக்கும் கொண்டுபோக முடியாமல், இங்கேயும் வைக்க முடியாமல், குமாரபாளையம் போனபோது காவேரியில் விட்டுவிட்டு வந்தாராம். அதற்குப் பிறகு அண்ணன் இந்த வீட்டுக்கு வரவே கூச்சப்படுகிறாராம். பண்டிகை நோம்பிக்கு வந்தால்கூட வாசலில் நின்று தங்கை கணவரைக் கூப்பிட்டு, அவர் குரல் கேட்ட பிறகுதான் உள்ளே வருகிறாராம். எனக்கும் அப்படித்தானுங்க, கடையிலிருந்து அஞ்சு நிமிசம் தாமதமானாலும் அடுப்பை அமர்த்திட்டு வாசலுக்கு ஓடியாந்துர்றேன் என்றார்.

"என்ன பண்ணோணும் சொல்லுங்க, பண்றேன்" என்றேன்.

"செத்துட்டாருன்னு எழுத முடிஞ்சதில்லீங்க? இருக்காருன்னும் எழுதுங்க. அத்தனை பேரு படிக்கிற மாதிரி எழுதுங்க" என்று சொல்லி, பழப் பையை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். பலமாகச் சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினார். பழப் பையை ஸ்கூட்டியில் மாட்டிக்கொண்டு திரும்பினேன்.

அவர் சொன்னதைச் செய்யத்தான் இதை எழுதுகிறேன். அவர் இருக்கிறார். காலை ஆறரைக்குக் கடையைத் திறக்கிறார். கை நடுக்கம் இல்லை, கண்ணாடி போடாமல் மீசை ஒதுக்குகிறார். அவர் பெயரையோ தெருவையோ நான் எழுதப்போவதில்லை. மறுபடியும் கூட்டமாகப் போய்ப் போட்டோ எடுத்து அவர் உயிரை வாங்குவீர்கள். உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார், அவரிடம் போய் முடி வெட்டிக்கொள்ளுங்கள்.

குழுவிலிருந்து நான் விலகிவிட்டேன். அங்கே இப்போதும் வாரத்துக்கு ஒரு கடை சாகிறது என்று சொல்கிறார்கள். என் கணவர் மட்டும் ஏசி சலூனை விட்டுவிட்டு, நான் கட்டாயப்படுத்தாமலே, மில் கேட் சலூனுக்குப் போய் வருகிறார். அங்கிருந்து வந்தால் அவர்மீது என்ன வாசனை அடிக்கிறது என்று எனக்கு இப்போது உண்மையாகவே தெரியும், ஆனால் அதைச் சொல்லமாட்டேன். எனக்குக் கைதட்டிய அத்தனை பேர் மேலும், அந்தக் கைதட்டலுக்கு மயங்கிய என் மேலும் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம். அது ஆறிப்போனால், நன்றாக இருக்கிற இன்னொரு மனுஷனை நான் அழகாக எழுதிச் சாகடித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.